செல்லச்சாமி மாமாவும் கூதல் பிடித்த பெட்டரியும்

உலகத்தில் இருக்கும் கூதல் முழுவதும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில்தான் உற்பத்தியாகிறது. நாங்கள் பாவித்தது போக மிச்சத்தைத்தான் மூட்டை கட்டி இமயமலைக்கும் வடதுருவத்துக்கும் அனுப்புகிறார்கள். போன மார்கழியில் ஒரு ஆள் போட்ட தும்மல் உறைந்து விழுந்து அவருடைய கால் பெருவிரலை நசுக்கிவிட்டது. இங்கே விடியற்காலையில் நாய் குரைத்தால் வெயில் ஏறிய பிறகுதான் சத்தம் கேட்கும். நம்பாதவர்கள் ரத்தோட்டையில் பஸ் ஏறி மேலே வந்து பார்க்கலாம். வரும்போது சொந்தக் கம்பளி கொண்டு வரவும். இங்கே இரவல் கிடையாது.

இந்தக் கூதலோடு தினமும் சண்டை போடுகிற ஒரே மனிதர் எங்கள் கொழுந்து லொறி டிரைவர் செல்லச்சாமி மாமா. சண்டை என்றால் வாய்ச் சண்டை இல்லை. அவருக்கு வாயை விடக் கை முந்தும். ஸ்பேனரால் லொறியின் மூஞ்சியில் அடிப்பார். டயரை உதைப்பார். பனி மூடின கண்ணாடியில் காறித் துப்பித் துடைப்பார். பக்கத்தில் நின்று சிரித்தவனுக்கும் ஒன்று விழும். எட்டாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டதால் எனக்குக் காலையில் வேலை இல்லை. ஆகவே பக்கத்தில் நின்று சிரிக்கிறவன் பெரும்பாலும் நான்தான்.

அவர் அடித்தே வளர்ந்தவர் என்று சொல்ல முடியாது. அடி வாங்கி வளர்ந்தவர். எங்கள் லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்து, மீசை முளைக்கும் முன்னே ஓடிப்போய், தம்புள்ளைப் பக்கம் மரக்கறி லொறிகளில் கிளீனராக இருந்தார். லொறி நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை போடத் தாமதித்தால் டிரைவர் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி முதுகில் விளாசுவாராம். ஒரு டிரைவர் முன்பற்கள் இரண்டைத் தட்டிவிட்டார். பதிலுக்கு இவர் அந்த டிரைவரின் காதில் பாதியைக் கடித்து எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டார். காதை என்ன செய்தீர்கள் மாமா என்று ஒரு தடவை கேட்டேன். ஃபேன் பெல்ட் என்றால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எனக்கும் தெரிந்தது.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார். அது லொறியின் பெட்டரி. வேலை முடிந்ததும் வயரைக் கழற்றி, பிள்ளையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் தூக்கி, தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து வைப்பார். விடிந்ததும் திரும்பத் தூக்கி வந்து பூட்டிவிட்டு, சாவியைத் திருகும் முன்னே கெஞ்சுவார். "எந்திரிங்க ராசா. ஒரே ஒரு சுத்து சுத்திட்டுப் படுத்துக்கிடுங்க." அவர் பொண்டாட்டி இலட்சுமி அத்தை அடி தாங்காமல் தாய் வீட்டுக்குப் போய்ப் பல வருஷம். பெட்டரிக்குக் கொடுத்த மரியாதையில் கால்வாசியை எனக்குக் கொடுத்திருந்தால் இருந்திருப்பேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போனதாக லயத்தில் பேச்சு. பொண்டாட்டி போன மனுசன் பெட்டரியோடு குடும்பம் நடத்துகிறான் என்று பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சிரிப்பார்கள். அவர் காதில் விழாத தூரத்தில்தான்.

இந்த உபசாரத்துக்குக் காரணம் இருக்கிறது. ரத்தோட்டையில் பெட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் இத்ரூஸ் நானாதான் அதை எங்களுக்கு விளங்கப்படுத்தினார். பெட்டரிக்குள்ளே இருப்பது அசிட் தண்ணீர். கூதல் ஏறினால் அது வாதம் பிடித்த கிழவன் மாதிரி அசைய மாட்டேன் என்று படுத்துவிடும். பகலில் நன்றாக வேலை செய்த அதே பெட்டரி, விடியற்காலையில் பாதி வலுதான் கொடுக்கும். அது போதாதென்று எஞ்சின் ஒயிலும் கித்துள் பாணிப் பாகு மாதிரி கட்டியாகிவிடும். அதைச் சுற்ற வைக்க இரண்டு மடங்கு வலு வேண்டும். ஆக, கொடுக்கிறவன் பாதி கொடுக்கிறான், கேட்கிறவன் இரட்டிப்பாகக் கேட்கிறான். நிறையச் சார்ஜ் உள்ள பெட்டரி என்றால் எப்படியோ சமாளிக்கும். அரைகுறைப் பெட்டரி என்றால் மவுத்துத்தான், சாவுதான் என்பார் நானா. அதனால்தான் லயத்துப் பயல்கள் மூன்று பேர் ரேடியோ கேட்பதற்காக அந்தப் பெட்டரியை ஒரு பொழுது எடுத்துப் போனபோது, மாமா ஒருத்தனை வேலிக்கு மேலே தூக்கிப் போட்டார். மற்ற இரண்டு பேரும் தாங்களாகவே வேலியைத் தாண்டினார்கள்.

அப்படிப்பட்டவர் எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடிப் பூசைக்கு அந்தப் பெட்டரியைத் தானாகவே தூக்கிக் கொடுத்தார். சொன்னால் யார் நம்புவார்கள்?

எங்கள் லயத்துக்குக் கரண்ட் கிடையாது. மாரியம்மன் கோயில் பூசை என்றால் மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவதற்குப் பெட்டரி வேண்டும். குழாய் கத்தாவிட்டால் அது பூசையே இல்லை. கீழ் டிவிசன்காரர்கள் ஒரு வருஷம் கேலி பேசியே கொன்றுவிடுவார்கள். வழக்கமாக இத்ரூஸ் நானாவிடம் ஒரு பெட்டரி எடுப்போம். அந்த வருஷம் மழையும் ஆடிக் காற்றும் ஆளைத் தூக்கியதால் யாருக்கும் இறங்கிப் போக மனமில்லை. பூசாரி நாகமுத்து தாத்தா, அடி விழுந்தால் விழட்டும் என்று திருநீற்றை நெற்றி முழுக்கப் பூசிக்கொண்டு மாமாவிடம் போனார். மாமா பெட்டரியை ஒரு தடவை தடவிப் பார்த்தாராம். பிறகு, செத்துப்போன அம்மாவுக்கு அந்த அம்மன் பாட்டு என்றால் உயிர், நல்லா உரக்கப் போடுங்க என்று பெட்டரியைக் கையில் கொடுத்துவிட்டாராம். இரண்டு நாள் பாட்டு மலையெல்லாம் எதிரொலித்தது.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது பாட்டு இழுக்கத் தொடங்கியது. கெசட் டேப்பில் பாடிய பொம்பிளைக் குரல் மெல்ல மெல்லத் தடித்து ஆம்பிளைக் குரலாகி, கடைசியில் கள்ளுக் குடித்தவன் போல் 'ஆ...த்...தா...' என்று இழுத்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அது பெட்டரி சாகிற சத்தம் என்று மாமாவுக்கு மட்டும் விளங்கியது. அவர் காம்பராவை விட்டு வெளியே வந்த அதே நேரத்தில்தான் இத்ரூஸ் நானாவின் மோட்டார் சைக்கிளும் வந்து நின்றது.

நானா தொப்பி இல்லாமல் வந்திருந்தார். சட்டையில் ஒரு பக்கம் கரி. மாத்தளை டவுன் எரிகிறது, தமிழ் ஆட்களின் கடை ஒன்றும் மிச்சமில்லை, கலவரக்காரர்கள் கீழ் டிவிசன் லயத்துக்கும் நெருப்பு வைத்துவிட்டார்கள், இரண்டு பேரை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், அடுத்தது இங்கேதான் என்று ஒரே மூச்சில் சொன்னார். பள்ளத்தில் பனிக்கும் மேலே கறுப்பாகப் புகை எழும்புவதை அப்போதுதான் பார்த்தோம்.

"லொறிய எடுங்க தம்பி. மேல் ரோட்டால போயிடுங்க. இப்பவே."

மாமா கோயில் பக்கம் பார்த்தார். நானாவும் பார்த்தார். குழாய் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. நானா தலையில் கை வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றார். அவருக்குத் தன் பெண்டு பிள்ளைகள் நினைவு. திரும்பி இறங்கிப் போய்விட்டார்.

கால் உள்ளவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் மிஞ்சினார்கள். கிழடுகள், குழந்தைகள், ஒரு மாதப் பிள்ளையோடு கொழுந்துக்காரி சுந்தரம்மா அக்கா, முட்டி வாதத்தில் படுத்திருந்த என் அம்மா. அம்மாவை விட்டு ஓட எனக்குத் தெரியவில்லை, ஆகவே நானும். லொறி கிளம்பினால் இத்தனை பேரும் உயிரோடு இருப்போம். கிளம்பாவிட்டால் நெருப்பு. கணக்கு அவ்வளவுதான்.

நாகமுத்து தாத்தா வயர் தொங்கத் தொங்கப் பெட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மாமா அதை வாங்கிக் கீழே பக்குவமாக வைத்தார். பிறகு நிமிர்ந்து கிழவரின் முகத்தில் ஒரு குத்து விட்டார். மூக்கு உடைந்து திருநீறெல்லாம் சிவந்தது. கிழவர் மூக்கைப் பொத்திக்கொண்டு லொறியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சாவி திருகியபோது எஞ்சின் ஒரு முறை முனகிவிட்டு, கடக் என்று நின்றது. அடுத்த முறை முனகவும் இல்லை. கடக் மட்டும். அன்னதானத்துக்கு உலையில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பெண்கள் குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள். மாமா பெட்டரியைச் சுற்றிச் சுடுதண்ணீர்ச் சாக்கு போட்டு, எஞ்சின் மேலும் ஊற்றி, முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். ஒயில் இளகவில்லை. பல்லைக் கடித்து இன்னொரு சுற்று. எஞ்சின் பட்டென்று ஒரு உதறு உதறி, ஹேண்டிலைத் திருப்பி அடித்தது. காய்ந்த மிலாறுக் குச்சி முறிகிற சத்தம் கேட்டது. அவருடைய வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

அவர் கத்துவார் என்று பார்த்தோம். கத்தவில்லை. கையை ஒரு பழைய பொருள் மாதிரிப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஏறுங்க என்றார்.

இனி ஒரே வழி, லொறியைப் பள்ளத்தில் உருட்டி கியரில் போட்டு எஞ்சினை எழுப்புவது. எங்கள் லயத்துப் பாதையோ ஒரே இறக்கம். நேராகப் போய் மெயின் ரோட்டுச் சந்தியில் முட்டும். இடது பக்கம் திரும்பினால் ரத்தோட்டை, வலது பக்கம் ஏறினால் மலை உச்சி. சந்தியில் அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள் என்பது சத்தத்தில் தெரிந்தது. அதாவது, அவர்களிடமிருந்து தப்ப வேண்டுமானால் முதலில் அவர்களிடம் போக வேண்டும்.

சுந்தரம்மா அக்கா கேட்டாள். "அண்ணே, உருண்டும் கெளம்பலன்னா?"

"அவனுங்க மடியில போய் எறங்குவோம். புள்ளையப் பொத்திக்க."

பிரேக்கை விட்டார். எஞ்சின் சத்தம் இல்லாமல் ஒரு லொறி போவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காற்றும் பலகை கிறீச்சிடுவதும்தான். பனிக்குள்ளிருந்து முதலில் நெருப்புப் பந்தங்கள் தெரிந்தன, பிறகு முகங்கள், பிறகு கத்திகள். ஊமையாக வரும் லொறியைப் பார்த்து அவர்களே ஒரு கணம் திகைத்து நின்றார்கள். மாமா கிளட்ச்சை விட்டார். லொறி தரையைக் குத்தி உதறியது. கிளம்பவில்லை. கற்கள் விழுந்தன. நாகமுத்து தாத்தாவின் தோளில் ஒன்று. என் அம்மா என் தலையைத் தன் வயிற்றுக்குள் அமுக்கிக்கொண்டாள். மாமா இன்னொரு முறை விட்டார். எஞ்சின் வெடி வைத்தது போல் எழும்பியது.

வலது பக்கம் ஒடிக்கும்போது ஒருவன் ஃபுட்போர்டில் பாய்ந்து ஏறி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். மறு கையில் மன்னாக் கத்தி. மாமாவுக்கு ஒரு கை கியரில், மற்றது முறிந்து தொங்குகிறது. ஆகவே அவர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். ஸ்டியரிங்கில் இருந்த கையைக் கடித்தார். எலும்பில் பல் உரசும் வரை விடவில்லை. கத்தி அவர் தோளில் இறங்கியது. அவன் அலறிக்கொண்டு விழுந்தான். பின் சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது.

அது கல் என்று நாங்கள் எல்லாரும் சொல்லுவோம். அந்த இடத்தில் கல் கிடையாது. அந்த வழியாகத் தினமும் போகிறவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரியாதா.

மேலே ஏற ஏறப் பனி கெட்டியானது. திரும்பிப் பார்த்தபோது எங்கள் லயம் இருந்த இடத்தில் பனியே சிவப்பாக இருந்தது. உச்சியில், மரமெல்லாம் காற்றுக்குக் கூனிப் போய் நிற்கும் இடத்தில், மாமா லொறியைப் புதருக்குள் ஒதுக்கினார். அந்தப் பக்கம் இறங்கினால் நாவுல ஊர் ரோடு. அங்கே நிலவரம் என்னவென்று யாருக்கும் தெரியாது. விடிந்த பிறகு பார்த்து இறங்கலாம் என்றார். எஞ்சினை ஓட விட்டால் சத்தம் காட்டிக் கொடுக்கும், டீசலும் தீரும். நிறுத்தினால் அந்தக் கூதலில் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ. சாவியில் கை வைத்தபடி நிறைய நேரம் இருந்தார். பிறகு நிறுத்தினார்.

ஏறி வந்த ஓட்டத்தில் பெட்டரி கொஞ்சம் சார்ஜ் பிடித்திருக்கும். அதை விடியும் வரை சூடாக வைத்திருந்தால்தான் மிஞ்சும். நெருப்புப் போட முடியாது. மொத்த லொறிக்கும் இருந்தது ஒரே ஒரு நல்ல கம்பளி, அது சுந்தரம்மா அக்காவின் பிள்ளையைச் சுற்றியிருந்தது. மாமா பெட்டரியை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்து, அந்தக் கம்பளியைப் பிடித்து இழுத்தார்.

சுந்தரம்மா அக்கா அவரை அறைந்தாள். லயத்தில் யாரும் கனவிலும் நினைக்காத காரியம். அறைந்த சத்தம் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

"யோவ், ஒன் பெட்டரிக்குக் கூதலு, எம் புள்ளைக்குக் கூதலில்லையா?"

"இது செத்தா விடிஞ்சதும் புள்ளையும் சாகும். எல்லாரும் சாகும்."

"புள்ள இப்பவே செத்தா விடிஞ்சென்ன, விடியாட்டி என்ன?"

மாமா கை ஓங்கினார். ஓங்கியது வலது கை. அது பாதியிலேயே தொங்கியது. அதைப் பார்த்ததும் அவருடைய முகம் என்னவோ மாதிரி ஆயிற்று. பெரிய மனிதர் ஒருவர் அழுவதற்கு முன் வாய் எப்படிக் கோணும் என்று நான் பார்த்தேன், வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சுந்தரம்மா அக்காவும் பார்த்தாள். "கொண்டாங்க அத" என்று பெட்டரியை வாங்கித் தன் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, அதன் மேல் சாக்கை மடித்துப் போட்டு, சாக்கின் மேல் பிள்ளையை மடியில் ஏந்தி, எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பளியால் போர்த்தினாள். நாங்கள் அவளைச் சுற்றி மாட்டுக் கன்றுகள் மாதிரி நெருங்கி உட்கார்ந்தோம். எங்கள் உடம்புச் சூடு அவளுக்கு, அவள் சூடு பிள்ளைக்கு, பிள்ளையின் சூடு பெட்டரிக்கு. மாமாவின் தோளில் இரத்தம் கட்டியாகிச் சட்டையோடு ஒட்டியிருந்தது. அவரையும் நடுவில் இழுத்துவிட்டார்கள். மூக்கு உடைந்த நாகமுத்து தாத்தாதான் அவருக்குத் துண்டால் கை கட்டிவிட்டார். கட்டும்போது வேண்டுமென்றே ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தார். மாமா பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். அதோடு அந்தக் கணக்குத் தீர்ந்தது.

விடிந்தபோது அக்காவின் சேலையில் அசிட் பட்டு உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டைகள். காலில் தோல் வெந்திருந்தது. பிள்ளை ஒரு கீறலும் இல்லாமல், பெட்டரிச் சாக்கை நன்றாக நனைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். மாமா பெட்டரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ராசா வெதுவெதுப்பா இருக்காரு என்றார். பூட்டிச் சாவியைத் திருகினார். எஞ்சின் முனகியது, தயங்கியது, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிடித்துக்கொண்டது. யாரும் சந்தோசத்தில் கத்தவில்லை. என் அம்மா மட்டும் லொறிப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் இறங்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆமிக்காரர் காவலில் கொஞ்ச காலம் கிடந்து, பிறகு தகரம் போட்ட புது லயத்துக்குத் திரும்பி வந்தோம். காட்டுக்குள் ஓடியவர்களில் எல்லாரும் திரும்பி வரவில்லை. மாமாவின் மணிக்கட்டு கோணலாகவே பொருந்திவிட்டது. ஸ்டியரிங் திருப்பலாம், ஆளை அடிக்கலாம், பெட்டரியைத் தூக்க முடியாது. பிறர் தூக்க அவர் விடுவதும் இல்லை. ஆகவே ராசா இப்போது லொறியிலேயே படுக்கிறார், சாக்குகளுக்குள்.

இது நடந்து ஒன்றரை வருஷம். இப்போது எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. விடியற்காலையில் எல்லாரும் முழித்துக்கொண்டு, பாயில் படுத்தபடியே காது கொடுத்துக் காத்திருப்போம். லொறி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள், பிள்ளைகளை எழுப்புவார்கள். அதுவரை ஒரு காம்பராவிலும் பேச்சு மூச்சு இருக்காது. இன்றைக்கும் தப்பிப் போக வண்டி இருக்கிறது என்று அந்தச் சத்தத்துக்கு அர்த்தம். செல்லச்சாமி மாமாவுக்கும் இது தெரியும். அதனால்தான் அவர் ஒரு விடியலிலும் தாமதித்ததில்லை, லொறியும் இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு நாளும் அவரைக் கைவிட்டதில்லை.

என்று நேற்றுப் பொழுது சாய்ந்த பிறகு எழுதி நிறுத்தினேன். வீட்டில் எழுதினால் மண்ணெண்ணெய் தீர்கிறது என்று அம்மா விளக்கை ஊதிவிடுவாள். ஆகவே லொறிக்குள் ஏறி, தலைக்கு மேலே இருக்கும் சின்ன பல்பைப் போட்டுக்கொண்டு சௌகரியமாக எழுதினேன். எழுதிய களைப்பில் சீட்டிலேயே தூங்கிவிட்டேன்.

கதவு திறந்தபோதுதான் முழித்தேன். வெளியே ஒன்றும் தெரியாத பனி. மாமா என் காலை ஒதுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து, ராசாவிடம் இரண்டு வார்த்தை கெஞ்சிவிட்டுச் சாவியைத் திருகினார்.

கடக்.

மறுபடியும் கடக்.

பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததை லயம் முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. சுந்தரம்மா அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் மூட்டையோடு வந்து நின்றாள். அந்த மூட்டை கட்டியபடியேதான் எப்போதும் இருந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாகமுத்து தாத்தா என் அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தார். அம்மா பனிக்குள்ளே என் பெயரைச் சொல்லித் தேடினாள்.

மாமா நிமிர்ந்து தலைக்கு மேலே பார்த்தார். பல்பு பீடி நுனி மாதிரி சிவப்பாக மினுங்கியது. கீழே என் மடியில் தாள்கள். ஃபேன் பெல்ட்டுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டேன். அது வரவில்லை. அவர் தலையை வெளியே நீட்டி, ஒண்ணுமில்ல, போய் அடுப்ப மூட்டுங்க, இந்தக் கழுத லைட்ட அணைக்காமத் தூங்கிருச்சு என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எழுதி முடிச்சாச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா."

"அப்ப எறங்கித் தள்ளு. தள்ளினதையும் எழுது."